நிமிர்ந்தால் எட்டாத தட்டு

அத்தியாயம் 11

ஜாக்கெட் ஒரு உரச்சாக்குக்குள் வந்தது. மதுரையிலிருந்து பார்சலில் வந்து, கூரியர் கடையில் ஒரு நாள் கிடந்து, காலை எட்டு மணிக்கு ஜஸீமாவின் ஸ்கூட்டியில் முன்பக்கம் நின்றுகொண்டு பிரேமலதாவின் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

ஆடித் தபசு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. சங்கரன்கோவில் இன்னும் திருவிழாவிலிருந்து முழுசாகத் திரும்பி வரவில்லை. ரத வீதியில் பிரிக்காத பந்தல் மூங்கில்கள் அப்படியே நின்றன. மேற்கே மலையிலிருந்து காற்று வந்துகொண்டே இருந்தது. மழை வரவில்லை, அதன் வாசனை மட்டும் வந்தது. அந்தக் காற்றில் தெருவில் போகிறவர்கள் எல்லோரும் தரையில் கால் பாவாமல் போவது போலத் தெரிந்தார்கள். தறிச் சத்தம் ஒரு நேரம் அடுத்த வீட்டிலிருந்து கேட்டது. ஒரு நேரம் எங்கோ வயல்காட்டுக்கு நடுவிலிருந்து கேட்டது.

"அக்கா, கதவத் தொறங்க. கை கடுக்குது."

உள்ளேயிருந்து முதலில் பதில் சொன்னது விஜிதாதான். "ஜஸீமாக்கா, அது வந்துட்டா?"

"வந்துட்டு. நீ குளிச்சிட்டியா?"

"அஞ்சு மணிக்கே."

விஜிதாவுக்குப் பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு. அவளுடைய நரம்புகள் தசைகளுக்குச் சேதி சொல்வதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொண்டு வருகின்றன. பிறக்கும்போதே மரபணுவில் இருந்த குறை. அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி. அவள் நடந்ததே இல்லை. இரண்டு வருஷமாக முதுகெலும்பு இடப்பக்கமாக வளைந்து, வளைந்து, இடது விலா எலும்பு இடுப்பு எலும்பில் போய் இடிக்கிறது. ஜஸீமா வாரத்தில் மூன்று நாள் புளியங்குடியிலிருந்து வந்து அவள் கைகால்களை நீட்டி மடக்கிவிடுகிற பிசியோதெரபிஸ்ட்.

திருநெல்வேலியில் ஒரு பெரிய டாக்டர் எக்ஸ்ரேயை உறையிலிருந்து பாதி மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது வாசகர்களுக்கு நினைவிருக்கும். "இந்த மாதிரிப் பிள்ளைக்கு எதுக்கும்மா ஆபரேஷன்? இருக்கற வரைக்கும் சந்தோஷமா வச்சிக்கிடுங்க."

இந்த மாதிரிப் பிள்ளை. அந்த ஒரு சொல்லை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல்தான் விஜிதாவின் அம்மா பிரேமலதா பத்து மாதமாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள். போன வாரம் மதுரையில் டாக்டர் ஹெலனைப் பார்த்தாள். அந்த அம்மாள் எக்ஸ்ரேயை முழுசாக வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"செய்யலாம். ரெண்டு கம்பி வச்சு நிமிர்த்தலாம். நுரையீரலுக்கு இடம் கிடைக்கும், சில வருஷம் கூடலாம். ஆனா மயக்கம் குடுத்த பிறகு, மூச்சு விட வாய்க்குள்ள போடுற குழாயை எடுக்கவே முடியாமலும் போகலாம். அடிப்படை நோய் அப்படியேதான் இருக்கும்."

வேண்டாம் என்று அங்கேயே சொன்னவன் சங்கரபாண்டி, விஜிதாவின் அப்பா. புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருப்பவன். "கத்தி படாத ஒடம்போட இருந்துட்டுப் போட்டும்" என்றான். வேண்டும் என்றவள் பிரேமலதா. டாக்டர் ஹெலன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். பிள்ளையின் அளவுக்கு ஒரு ஜாக்கெட் செய்து அனுப்புவார். ஒரு பகல் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு இருக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு முதுகு எப்படி இருக்குமோ அப்படி. சாயங்காலம் ஆறு மணிக்கு அவரே போன் செய்வார். அப்போது மூன்று பேரும் பேச வேண்டும்.

"மூணு பேருமா?" என்று கேட்டான் சங்கரபாண்டி.

"அவ முதுகுதானே" என்றார் டாக்டர்.

இன்றுதான் அந்தப் பகல்.

சாக்கை அவிழ்த்ததும் வெள்ளை வெளேரென்று ஆமை ஓடு மாதிரி ஒன்று வெளியே வந்தது. கெட்டிப் பிளாஸ்டிக். முன்னால் ஒரு பாதி, பின்னால் ஒரு பாதி, வயிறு மூச்சுக்கு எழும்பி இறங்க நடுவில் ஒரு ஓட்டை, பக்கவாட்டில் ஒட்டுகிற பட்டைகள். ஜஸீமா விஜிதாவைக் கட்டிலில் புரட்டி, பருத்திப் பனியன் மேல் அதை வைத்து, பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். பிறகு இருவருமாகத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

பிரேமலதா முட்டி போட்டு, கடைசிப் பட்டையைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மகளின் முகம் அவள் முகத்துக்கு மேலே இருந்தது. எப்போதும் அப்படி இருந்ததில்லை. முட்டி போட்டாலும் அம்மாதான் உயரம்.

"நீ குட்டையா இருக்கம்மா" என்றாள் விஜிதா.

இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன. கழுத்து எங்கிருந்தோ புதிதாக முளைத்தது போல நீளமாக இருந்தது. பிரேமலதாவுக்கு அது தன் தங்கையின் கழுத்து என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாளாக அது தோளுக்குள் ஒளிந்திருந்திருக்கிறது.

"இறுக்கமா இருக்கா மக்கா?"

"இறுக்கமா இருக்கு." விஜிதா கண்ணை மூடிக்கொண்டு உடம்புக்குள் எதையோ தேடுவது போல இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஆனா வலிக்கல."

"என்னது?"

"இங்கன இடிக்கும்லா. இப்பம் இடிக்கல. வலிக்கவே இல்லம்மா."

வாசல்படியில் மண்டிக்குக் கிளம்பி பைக் சாவியோடு நின்ற சங்கரபாண்டிக்கும் அது கேட்டது. அவன் உள்ளே வரவில்லை. சாவியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மத்தியானம் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். பைக் தெருமுனை தாண்டிப் போன பிறகும் எலுமிச்சை வாசனை கொஞ்ச நேரம் வாசலில் நின்றது.

"ஒண்ணு தெரிஞ்சிக்கிடுங்கக்கா" என்றாள் ஜஸீமா புறப்படும்போது. "ஆபரேஷன் முடிஞ்சா இந்த அமுக்கம் இருக்காது. ஆனா வளையாம இருக்கது இதே மாதிரிதான். கம்பி உள்ள இருக்கும், இது வெளிய இருக்கு. அம்புட்டுதான் வித்தியாசம். சாயந்திரம் வந்து நானே கழத்துதேன்."

முற்பகல் ஒரு கனவு மாதிரிப் போயிற்று.

பிரேமலதா மகளைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். வீட்டுச் சுற்றுச்சுவருக்கு மேலே விஜிதாவின் கண் எட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனையில் சாயம் தோய்த்த நூலை மூங்கிலில் காயப்போட்டிருந்தார்கள். நீலம், அதை அடுத்து மாம்பழ மஞ்சள், அதை அடுத்துப் பெயர் தெரியாத ஒரு சிவப்பு. காற்றில் மொத்தமும் எழும்பி எழும்பித் தணிந்தது.

"இது எப்பமும் இங்கனதான் இருக்குமா?"

"எப்பமும்தான் காயப்போடுவாங்க."

"என்ட்ட யாரும் சொல்லவே இல்லயே!"

தெரு திரும்பியதும் கோபுரம் தெரிந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி, விஜிதா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேகங்கள் கிழக்கே ஓடிக்கொண்டிருந்ததால் கோபுரம் மேற்கே நகர்வது போல இருந்தது. இரண்டு பேரும் அது நகர்வதைப் பார்த்தார்கள். பூக்கடைக்காரப் பெண் ஒருத்தி விஜிதாவைப் பார்த்துவிட்டு, "பிள்ள சொகமாயிட்டா?" என்று கேட்டாள். பிரேமலதா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தாள். அந்தச் சிரிப்பு தன் முகத்தில் அப்படியே இருப்பதை வீடு வந்து சேரும் வரை அவள் உணர்ந்தாள். அந்தப் பெரிய டாக்டர் இப்போது எதிரில் வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

மத்தியானம் முருங்கைக்கீரை போட்ட கூட்டாஞ்சோறு. விஜிதாவுக்குப் பிடித்தது.

விஜிதா சாப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. மடிக்கு மேலே பலகை, பலகையில் தட்டு. இடது முழங்கையை ஊன்றி, உடம்பை முன்னால் வழியவிட்டு, தட்டின் மேல் கவிழ்ந்துவிடுவாள். வலது கை பாதி வழி வரும். வாய் மீதி வழி போகும். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் சாப்பிட்டு, விளையாடி, பெல் அடித்து வரும்போதும் அவள் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். ஆனால் யாரும் ஊட்டக் கூடாது. ஐந்து வயதில் ஒரு நாள் அம்மாவின் கை கிட்டே வந்ததும் வாயை இறுக்க மூடிக்கொண்டு, "நானே" என்று சொன்னவள். அதற்குப் பிறகு ஏழு வருஷம். காய்ச்சலில்கூட நானேதான்.

இன்று அவள் கையைச் சோற்றில் வைத்தாள். பிசைந்தாள். எடுத்தாள். கை பாதி வழி வந்தது. வாய் போகவில்லை.

ஜாக்கெட் அவளை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தது. கை காற்றில் நின்று நடுங்கி, சோறு பலகையில் விழுந்தது.

விஜிதா சிரித்தாள். "பாத்தியா, என் கைக்கு வழி மறந்துட்டு."

இரண்டாம் தடவையும் சிரித்தாள். மூன்றாம் தடவை சிரிக்கவில்லை.

பிரேமலதா ஓடிப்போய்ப் பாடப்புத்தகங்களை எடுத்துவந்து தட்டுக்கு அடியில் அடுக்கினாள். அதற்கு மேல் தலையணை. தட்டு மோவாய்க்கு வந்துவிட்டது. விரல் மோவாயைத் தொட்டது. உதட்டைத் தொடவில்லை. ஜஸீமா கொடுத்துவிட்டுப் போன நீளக் கரண்டியைக் கையில் கொடுத்தாள். கரண்டியின் கனத்துக்கே மணிக்கட்டு மடிந்தது.

"எனக்குப் பசிக்கலம்மா."

"காலைல ரெண்டு இட்லிதானட்டி? அதுவும் ஜாக்கெட் போடறதுக்கு முன்னால."

"பசிக்கல."

பிரேமலதா ஒரு வாய் எடுத்து நீட்டினாள். விஜிதா அந்தக் கையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். ஒரு வாய், இரண்டு, மூன்று, நான்கு. மென்று, விழுங்கி, அடுத்ததற்குத் திறந்து. கண் மட்டும் ஜன்னலுக்கு வெளியே வேறு எங்கோ இருந்தது. ஊசி போடும்போது அப்படித்தான் பார்ப்பாள்.

"போதும்."

அந்த நேரத்தில்தான் சங்கரபாண்டி உள்ளே வந்தான். மனைவியின் கையிலிருந்த சோற்றையும் மகளின் மூடிய வாயையும் பார்த்தபடி நின்றான். கைகால் கழுவப் புறவாசலுக்குப் போனான். பிரேமலதாவும் கையைக் கழுவ அங்கே போனாள். சொல்லப்போகிறான், பாத்தியா நான் அப்பமே சொன்னேன் என்று சொல்லப்போகிறான் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு போனாள்.

அவன் குழாயை மூடிவிட்டுச் சொன்னான். "ஹெலன் டாக்டர்ட்ட சரின்னு சொல்லிருவோம்."

"என்ன சொன்னீங்க?"

"காலைல கேட்டேல்லா? வலிக்கலன்னு சொன்னா. ஒரு வருஷமா நா அத அவ வாயில கேக்கலட்டி. மண்டியில மூடைய எண்ணிக்கிட்டு நிக்கேன், காதுக்குள்ள அதேதான் கேக்குது. வலிக்கவே இல்லம்மா, வலிக்கவே இல்லம்மான்னு."

"இப்பம் உள்ள பாத்தீங்கள்ளா?"

"பாத்தேன். நான் ஊட்டுதேன். மண்டிக்குப் போவாட்டி என்ன? மூணு வேளையும் நானே ஊட்டுதேன்."

"ஊட்டச் சொல்லி அவ கேட்டாளா?"

சங்கரபாண்டிக்கு அது புரியவில்லை. "பத்து மாசமா ஆபரேஷன், ஆபரேஷன்னு ஒத்தக்கால்ல நின்னது நீதான?"

"நாந்தான் நின்னேன்." பிரேமலதா ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "இந்த மாதிரிப் பிள்ளைன்னு அந்த ஆளு சொன்னாருல்லா. அவருக்குப் பதில் சொல்லணும்னு நின்னேங்க. இவள ஒரு வார்த்த கேக்காமலே நின்னுட்டேன்."

"கேட்டா சின்னப்பிள்ள என்ன சொல்லும்? ஒரு வாய்ச் சோத்துக்காக உசுர விடுதேன்னா சொல்லும்?"

"அது சோறு இல்லங்க."

பத்து மாதமாக ஆளுக்கு ஒரு கரையில் நின்றவர்கள். இன்று ஒரே பகலில் இரண்டு பேரும் கடந்து, மறுபடியும் ஆளுக்கு ஒரு கரையிலேயே போய் நின்றார்கள்.

ஜாக்கெட்டோடு கட்டிலில் படுத்திருந்த விஜிதாவின் பக்கத்தில் பிரேமலதாவும் சாய்ந்தாள். ஆடிப் பகலுக்கு ஒரு தூக்கம் உண்டு. ஜன்னல் திரை எழும்பி, தணிந்து, எழும்பி, அவளை எங்கோ கொண்டுபோயிற்று. பனவடலிசத்திரம் போகிற வழியில் உள்ள மின்சாரக் காற்றாடிகள் அத்தனையும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீல நூலும் மஞ்சள் நூலும் கட்டியிருந்தது. நூலுக்கு அடியில் பந்தி நடந்தது. யார் யாரோ உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இலைகளுக்கு முன்னால் எல்லோரும் குனிந்திருந்ததால் யாருடைய முகமும் தெரியவில்லை. அவள் ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லா முதுகும் வளைந்திருந்தது. எது தன் மகள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது.

"அம்மா. நீ தூக்கத்துல சிரிச்ச."

பிரேமலதா கண்ணைத் திறந்தாள். விஜிதா உத்தரத்தைப் பார்த்தபடி விழித்துக் கிடந்தாள்.

"நீ தூங்கலயா?"

"நீங்க ரெண்டு பேரும் புறவாசல்ல பேசுனது கேட்டுச்சு."

"எல்லாமா?"

"காத்து இங்க பாத்துதான அடிக்கி."

பிரேமலதா எழுந்து உட்கார்ந்தாள். திரை ஒரு முறை அவர்கள் இருவர் மேலும் படர்ந்து விலகியது.

"ஆபரேஷன் பண்ணுனா எத்தன வருஷம் கூடும்மா?"

"டாக்டரே சரியாச் சொல்லல மக்கா."

"ரெண்டா, மூணா?"

"இருக்கலாம்."

"அப்பம் எல்லாஞ் சேத்து எனக்கு எத்தன?"

இந்தக் கேள்விக்குப் பிரேமலதாவிடம் பழைய பதில்கள் நிறைய இருந்தன. சாமி இருக்கு, புது மருந்து வருது, நீ ஏன் இதெல்லாம் யோசிக்கே. ஒன்றும் இன்று வாயில் வரவில்லை.

"தெரியாது" என்றாள். "நெறைய இல்ல."

விஜிதா தலையை மட்டும் அவள் பக்கம் திருப்பினாள். "எனக்குத் தெரியும். போன வருஷமே போன்ல பாத்துட்டேன். நீ சொல்லுவே சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ சொல்லவே இல்ல."

பிரேமலதா மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எலும்பும் தோலுமான, கூட்டாஞ்சோற்று வாசனை இன்னும் போகாத கை.

"நேரா இருந்தது நல்லா இருந்துச்சும்மா" என்றாள் விஜிதா. "அந்த நூலு, கோபுரம் எல்லாம். வலிக்காம இருந்துச்சு. டாக்டர்ட்ட அதையும் சொல்லணும். சாப்பாட்ட மட்டும் சொல்லிரக் கூடாது."

ஆறு மணிக்கு முன்பே ஜஸீமா வந்துவிட்டாள். ஆறு ஐந்துக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் டாக்டர் ஹெலனின் குரல், மதுரைப் போக்குவரத்துச் சத்தத்துக்கு நடுவிலிருந்து வந்தது.

"முதல்ல நான் விஜிதாகிட்ட தனியா பேசணும். அம்மா, அப்பா கொஞ்சம் வெளிய இருங்க."

அவர்கள் வெளியே போனார்கள். வாசல் கதவுக்கு ஆளுக்கு ஒரு பக்கம் நின்றார்கள். மேற்கே வானம் எலுமிச்சைத் தோல் நிறத்தில் இருந்தது. ஒரு தூறல் விழுந்தது, அல்லது விழுந்தது போல இருந்தது. உள்ளே பேசுவது கேட்கவில்லை. ஒரு தடவை விஜிதா சிரிப்பது மட்டும் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

"என்ன கேக்காளோ" என்றான் சங்கரபாண்டி.

"என்ன கேட்டாலும் கேக்கட்டும்."

"நா அவ நல்லதுக்குத்தான்ட்டி சொன்னேன்."

"தெரியும்ங்க." அவள் அவன் சட்டைக்கையில் ஒட்டியிருந்த எலுமிச்சை இலைத் துணுக்கை எடுத்தாள். "நானும் அதுக்குத்தான் சொன்னேன். பத்து மாசமும்."

பன்னிரண்டு நிமிஷம் கழித்து ஜஸீமா கதவைத் திறந்தாள்.

"விஜிதா என்கிட்ட ஒரு கேள்வி கேட்டா" என்றார் டாக்டர். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "முழுசா நிமிர்த்தித்தான் ஆகணுமா, தட்டுக்கு எட்டுற அளவுக்குக் குனிய விட்டு நிறுத்த முடியாதான்னு. நாங்க நேரா நிறுத்தித்தான் பழக்கம். ஆபரேஷன் முடிஞ்சு எடுக்குற எக்ஸ்ரேல பாக்க அழகா இருக்கும். அந்தப் பிள்ளைங்க வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுறாங்கன்னு நான் யாரையும் கேட்டதில்ல."

சங்கரபாண்டி போனுக்குக் கிட்டே நகர்ந்தான். டாக்டர் தொடர்ந்தார்.

"பக்கவாட்டு வளைவை எடுத்துட்டு, முன்பக்கம் கொஞ்சம் சாய்ஞ்ச மாதிரிக் கம்பியை வளைச்சு வைக்கலாம். முடியாதுன்னு இல்ல. ஆனா ஒரு அளவு இருக்கு. ரொம்ப விட்டா நிமிர்த்துறதுல பிரயோஜனம் இல்ல, வலி திரும்ப வந்துரும். விடாட்டி கை எட்டாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இவ உடம்புல இருக்கான்னு எனக்குத் தெரியல. ஜஸீமா, அளந்து அனுப்புங்க. நான் மயக்க டாக்டர்கிட்டயும் பேசணும். அவர் சம்மதிக்கணும். வெள்ளிக்கிழமை சொல்றேன். இதுவரைக்கும் நான் சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. சரியா?"

"சரி டாக்டர்" என்றாள் விஜிதா, எல்லோருக்கும் முந்தி.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு மணி நேரம் விசித்திரமான வேலை ஒன்று நடந்தது. ஜஸீமா ஜாக்கெட்டின் மேல்பட்டையை ஒரு படி தளர்த்துவாள். சங்கரபாண்டி மகளின் முதுகுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் மடித்த துண்டு ஒன்றைச் செருகுவான். உடம்பு கொஞ்சம் முன்னால் வரும். விஜிதா கையை எடுப்பாள். பிரேமலதா தையல் டேப்பை விரலுக்கும் உதட்டுக்கும் நடுவில் பிடிப்பாள்.

"ஆறு இஞ்ச்."

இன்னொரு துண்டு.

"நாலரை."

"பக்கத்துல சாயாதட்டி, முன்னால மட்டும் வா" என்றாள் ஜஸீமா. "பக்கத்துல சாஞ்சாத்தான் விலா இடிக்கும்."

"ரெண்டே கால்."

நான்காவது துண்டு உள்ளே போனதும், நடுங்கிக்கொண்டு வந்த கை பாதி வழியில் நிற்கவில்லை. விஜிதா கழுத்தை நீட்டினாள். ஆறிப்போன மத்தியானத்துக் கூட்டாஞ்சோற்றில் ஒரு சின்ன உருண்டை அவள் வாய்க்குள் போயிற்று.

சங்கரபாண்டி டேப்பைப் பார்க்கவில்லை. மகளின் தாடை அசைவதையே பார்த்தான்.

"வலிக்குதா மக்கா?"

அவள் மென்று விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னாள். "கொஞ்சம்."

"முந்தி மாதிரியா?"

"முந்தி மாதிரி இல்ல. ஆனா இருக்கு." கொஞ்சம் யோசித்தாள். "மூணு துண்டு வச்சப்பம் இல்ல."

மூன்று துண்டில் வலி இல்லை, கை எட்டவில்லை. நான்கில் கை எட்டுகிறது, வலி இருக்கிறது. ஜஸீமா இரண்டையும் எழுதிக்கொண்டாள். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் பாதித் துண்டு ஒன்றை மடித்து வைத்துப் பார்க்கலாம் என்றான் சங்கரபாண்டி. விஜிதா களைத்துவிட்டாள். நாளைக்குப் பார்ப்போம் என்று ஜஸீமா பட்டைகளைப் பிரித்தாள்.

ஜாக்கெட் கழன்றதும் விஜிதா ஒரு பெருமூச்சோடு இடப்பக்கமாகச் சரிந்தாள். முகம் ஒரு நொடி சுருங்கிற்று. பழைய இடத்துக்கு வலி திரும்பியிருக்க வேண்டும். பிரேமலதா பனியனைத் தூக்கி, பிளாஸ்டிக் பதிந்த சிவப்புத் தடங்களில் விரலால் தேங்காயெண்ணெய் தடவினாள். ஜஸீமா போய்விட்டாள். அடுப்படியில் சங்கரபாண்டி ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தான். அவன் அடுப்படிக்குள் போனது எப்போது என்று அவள் கவனிக்கவில்லை.

பலகையையும் தட்டையும் அவள் மகளின் மடிமேல் வைத்தாள். சோறு போட்டாள். ரசம் ஊற்றினாள்.

"தட்டு விஷயம் பேசவா பன்னெண்டு நிமிஷம் ஆச்சு?"

"அது மட்டும் இல்ல."

"வேற என்ன கேட்ட?"

விஜிதா சோற்றைப் பிசைந்தாள். "மயக்கம் குடுத்த பொறவு நா முழிக்கலைன்னா, அது எனக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

பிரேமலதா ரசக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"சொன்னாங்க."

"என்னட்டி சொன்னாங்க?"

"அது எனக்குச் சொன்னதும்மா" என்றாள் விஜிதா. கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அப்பா, எனக்கு ரெண்டு அப்பளம்."

"வாரேன் மக்கா, வாரேன்."

பிரேமலதா மறுபடியும் கேட்க வாயெடுத்தாள். மகள் அதற்குள் தட்டின் மேல் குனிந்துவிட்டாள்.